இரகசிய இலக்கமும் பெட்டிச் சாவி மாதிரித்தான்

முன்பெல்லாம் சம்பள நாளில் காசை எண்ணி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு லயத்துக்கு வந்தோம். இன்று பலருக்குச் சம்பளம் வங்கிக்குப் போகிறது. முந்தானை முடிச்சை அவிழ்க்கத் திருடன் பக்கத்தில் வரவேண்டும். வங்கிக் காசை எடுக்க அவன் வரத் தேவையில்லை; இலக்கத்தை நாமே சொல்லிவிட்டால் போதும்.

இது நமக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல. 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 10 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் களவு போனது. அதில் 2 கோடி டொலர் நமது இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருந்ததால் சந்தேகம் வந்து, அந்தப் பணம் தடுக்கப்பட்டது. மிச்சம் பிலிப்பைன்ஸ் போய்விட்டது. கள்வர்கள் பூட்டை உடைக்கவில்லை. வேலை கேட்டு எழுதியது போல வங்கி ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, கணினி வழியாக உள்ளே புகுந்தார்கள் என்று விசாரணையில் தெரியவந்தது.

ஆகவே, நாம் பழகிக்கொள்ள வேண்டியவை சில:

1. டவுனுக்குப் போகிறவரிடம் அட்டையையும் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை விடுவோம். கடனுக்காகக் கடையில் அட்டையை அடகு வைப்பதும் கூடாது. இலக்கத்தை அட்டை உறையில் எழுதவே கூடாது.

2. "அம்மா, பேங்கிலிருந்து பேசுறோம். உங்க கார்டு நிக்கப் போகுது. போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், உடனே போனை வைத்துவிடுங்கள். எந்த வங்கியும் அந்த இலக்கத்தைக் கேட்காது. பரிசு விழுந்தது, சேமலாப நிதிக் காசு வந்திருக்கிறது என்று வரும் லிங்கையும் அமுக்க வேண்டாம்.

3. ஆபீஸ், டிஸ்பென்சரி, பிள்ளை மடுவம் ஆகிய இடங்களில் கணினியில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் கடவுச்சொல்லை எழுதி ஒட்டி வைக்கக்கூடாது. தேநீர் குடிக்க எழும்பினாலும் கணினியைப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். யாரோ கொடுத்த பென் டிரைவைச் சொருகக்கூடாது. செக்ரோல் கணக்கின் பிரதி ஒன்றை வேறாக எடுத்து வைக்கவேண்டும். நம் சம்பளத்தில் பிடிக்கும் 8 சதவீதமும், தோட்டம் போடும் 12 சதவீதமும் அந்தப் பேர்க் கணக்கிலிருந்துதான் வருகின்றன. அது அழிந்தால் நாம் உழைத்த நாளுக்குச் சாட்சி இல்லாமல் போகும்.

4. தவறிப்போய் இலக்கத்தைச் சொல்லிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அந்த நிமிஷமே வங்கிக்குப் போன் எடுத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். இதற்கென 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஆபீஸ் கணினியில் நடந்தால் உடனே பெரிய கிளாக்கரிடம் சொல்லவேண்டும். மேலே இருப்பவர்களும் சொன்னவரை ஏசாமல் கேட்கவேண்டும். ஏச்சுக்குப் பயந்து ஒரு மணி நேரம் மறைத்தால், அந்த ஒரு மணி நேரம் திருடனுக்குத்தான் லாபம்.

மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த காசு இது. வீட்டில் பெரியவர்களுக்கும் போன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இன்று ராத்திரியே இதை வாசித்துக் காட்டுங்கள்.