மாரடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி: பலனைத் தீர்மானிப்பது நேரமே

மாரடைப்பு ஏற்பட்டவர்களின் உயிரைக் காக்கும் சிகிச்சைகளில் ஆஞ்சியோபிளாஸ்டி முதன்மையானது. எனினும், அது எவ்வளவு விரைவாகச் செய்யப்படுகிறது என்பதைப் பொருத்தே அதன் பலன் அமைகிறது. அந்த வசதி அருகில் இல்லாத நிலையில், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை முதலில் செலுத்துவதே உரிய வழியாகும்.

அடைப்பு ஏற்படுவது எப்படி?

இதயத் தசைகளுக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் படிந்துள்ள கொழுப்பு திடீரென வெடிக்கும்போது, அவ்விடத்தில் ரத்தம் உறைந்து தமனியை அடைத்துவிடுகிறது. ரத்தம் கிடைக்காத தசைப்பகுதி படிப்படியாக உயிரிழக்கிறது. அவ்வாறு இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை.

சிகிச்சை முறை

மணிக்கட்டு அல்லது தொடையில் உள்ள தமனி வழியாக மெல்லிய குழாய் இதயம் வரை செலுத்தப்படுகிறது. அடைப்பு உள்ள இடத்தில் சிறு பலூன் விரிக்கப்பட்டு, பாதை திறக்கப்படுகிறது. அது மீண்டும் சுருங்காதிருக்க, ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாய் பொருத்தப்படுகிறது. மார்பைத் திறக்கவோ, முழு மயக்கம் அளிக்கவோ பொதுவாகத் தேவையில்லை. இதயத் தமனியில் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியை 1977 செப்டம்பர் 16-இல் சூரிச் நகரில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் செய்தார்.

120 நிமிடக் கணக்கு

நோயாளியை மருத்துவக் குழு பார்த்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்கப்பட வேண்டும். தமனி முழுமையாக அடைபட்டிருப்பதாக அதில் தெரிந்தால், 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியுமா என்பது முடிவு செய்யப்படுகிறது. முடியாதெனில், மூளையில் ரத்தக்கசிவு, அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை போன்ற தடைகள் இல்லாதவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து உடனே செலுத்தப்படுகிறது. அதன் பின்னர் பெரிய மருத்துவமனைக்கு மாற்றி, பொதுவாக 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுக்கப்படுகிறது. மருந்து பலனளிக்காவிட்டால், உடனடியாக ஆஞ்சியோபிளாஸ்டி தேவைப்படும்.

ஆஞ்சியோபிளாஸ்டிக்கான கேத் லேப் வசதி பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ள இந்தியாவில், இந்த இரண்டு கட்ட முறை முக்கியத்துவம் பெறுகிறது. இதே நோக்கில், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2019-இல் 'மிஷன் டெல்லி' திட்டத்தைத் தொடங்கியது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றி 3 கி.மீ. தொலைவுக்குள் பயிற்சி பெற்ற செவிலியர்கள் மோட்டார் சைக்கிளில் நோயாளியின் இடத்துக்கே சென்று இசிஜி எடுத்து, எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆலோசனைப்படி சிகிச்சையைத் தொடங்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது.

செலவு

ஸ்டென்ட்களுக்கு 2017 பிப்ரவரியில் தேசிய மருந்துகள் விலை நிர்ணய ஆணையம் உச்ச வரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை ரூ.29,600 ஆகவும், மருந்து பூசாததன் விலை ரூ.7,260 ஆகவும் அப்போது நிர்ணயிக்கப்பட்டது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆஞ்சியோபிளாஸ்டி இடம்பெற்றுள்ளது.

கவனிக்க வேண்டியவை

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். வாயுத் தொல்லை எனக் கருதிக் காத்திருப்பதும், நோயாளியே வாகனம் ஓட்டிச் செல்வதும் ஆபத்தானவை. 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.

ஸ்டென்ட் பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையின்றி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு ஏற்படக்கூடும்.