முறைப்பாடு குறைந்த ஊர் பாதுகாப்பான ஊரா?

“எங்கட ஊரில அப்பிடியொண்டும் நடக்கிறதில்ல. களவும் வெட்டுக்குத்தும் திருகோணமலைப் பட்டினத்திலதான்” என்ற பேச்சைக் கிண்ணியாவில் கேட்கலாம். மூதூரில் கேட்டால் அங்குள்ளவர்கள் கிண்ணியாவைக் காட்டுவார்கள். தன் ஊரை உயர்த்திப் பேசுவது இயல்புதான். ஆனால் பொலிஸ் பதிவு குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஓர் ஊரில் பெண்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? யுத்தத்தையும் இடப்பெயர்வையும் அனுபவித்த நாம் இதைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும்.

எதை எண்ணுகிறார்கள்?

கொலை, கொள்ளை, வீடுடைப்பு, பாலியல் வல்லுறவு, கடுங்காயம் விளைவித்தல் போன்றவற்றைப் பாரதூரமான குற்றங்கள் என வகுத்து பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. கணவன் கன்னத்தில் அறைவது, செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது, “கொன்றுபோடுவேன்” என மிரட்டுவது போன்றவை பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை. அவை ‘குடும்பத் தகராறு’ என்ற பெயரில் சிறு முறைப்பாடாக எழுதப்பட்டு, இருவரையும் அழைத்துச் சமாதானம் பேசி அனுப்புவதோடு முடிந்துவிடுகின்றன. பொலிஸுக்கே போகாமல் உறவினர் முன்னிலையிலும் பள்ளிவாசலிலும் காதியார் முன்னிலையிலும் பேசித் தீர்க்கப்படுபவை இன்னும் பல. இவை எதுவும் ஊர்களை ஒப்பிடும் கணக்கில் தெரிவதில்லை.

எத்தனை பேரில் எத்தனை?

ஊர்களை ஒப்பிடும்போது சம்பவங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது. அதைச் சனத்தொகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்லலாம். 60 ஆயிரம் பேர் வாழும் ஊரில் 60 களவுகள் நடந்தால், ஒரு இலட்சம் பேருக்கு 100 என்ற வீதம் வரும். ஒரு இலட்சம் பேர் வாழும் பட்டினத்தில் 90 களவுகள் நடந்தால் வீதம் 90 தான். எண்ணிக்கையில் குறைந்த ஊர் வீதத்தில் கூடிவிடுகிறது. சிறிய ஊரில் ஒரேயொரு கோஷ்டி மோதல் நடந்தாலே அந்த ஆண்டின் வீதம் எகிறிவிடும். ஆகவே ஒரு வருடத்தை மட்டும் பார்த்து எந்த ஊருக்கும் நல்ல பெயரோ கெட்ட பெயரோ சூட்டக் கூடாது.

எல்லையிலும் சிக்கல் இருக்கிறது. கிண்ணியா பிரதேச செயலகப் பிரிவுக்குள் நகர சபை, பிரதேச சபை என இரண்டு உள்ளன. பொலிஸ் நிலையத்தின் கணக்கு நகர சபைக்கு மாத்திரமான கணக்கு அல்ல.

எமது மாவட்டத்தில் தலைகளை எண்ணுவதே நீண்ட காலம் தடைப்பட்டிருந்தது. 1981 இற்குப் பின்னர் 2012 வரை திருகோணமலை மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. இதற்கிடையில் 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கிண்ணியாவைத் தாக்கியது. 2006 ஓகஸ்டில் மூதூரில் யுத்தம் மூண்டபோது பல்லாயிரக்கணக்கானோர் கந்தளாய், கிண்ணியா போன்ற பகுதிகளில் தஞ்சமடைந்தார்கள். எந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே தெரியாத ஆண்டுகளில் குற்ற வீதத்தை எப்படிக் கணிப்பது?

பதிவாகாத துயரம்

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடளாவிய ரீதியில் பெண்களின் நல்வாழ்வு பற்றி ஓர் ஆய்வை நடத்தியது. துணைவருடன் வாழ்ந்த அல்லது வாழும் பெண்களில் ஐவரில் ஒருவர், தம் வாழ்நாளில் துணைவரிடமிருந்து உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையை அனுபவித்திருப்பதாக அதில் தெரியவந்தது. துணைவரால் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வெட்கம், பயம், நம்பமாட்டார்கள் என்ற எண்ணம் போன்ற காரணங்களால் எந்த நிறுவனத்திடமும் உதவி கோரவில்லை.

இந்தக் காரணங்கள் எமக்குப் புதியவை அல்ல. கணவனைக் காட்டிக்கொடுத்தால் சோறு போடுவது யார், பிள்ளைகளின் கலியாணம் என்னாகும் என்ற கேள்விகள் எம் வாயை அடைக்கின்றன. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை, திருகோணமலைக்குப் போகும் நேர்வழியில் படகுப் பாதைக்காகத் துறையடியில் காத்துநிற்க வேண்டியிருந்தது. காயத்தோடு அங்கே நின்றால் ஊர் முழுவதும் அறிந்துவிடும்.

நம்பிக்கையின்மையும் ஒரு பெரும் தடை. 2011 ஓகஸ்டில் நாட்டின் பல பாகங்களில் ‘கிறீஸ் பூதம்’ பற்றிய பீதி பரவியது. மர்ம மனிதர்கள் பெண்களைத் தாக்குவதாகச் சொல்லப்பட்டது. கிண்ணியாவில், அவர்களுக்குக் கடற்படை இடமளிக்கிறது எனச் சந்தேகித்த மக்கள் கடற்படையினருடன் மோதினார்கள், பலர் கைதானார்கள். முறையிட்டால் நியாயம் கிடைக்கும் என்று நம்பும் மக்கள் வீதியில் இறங்கும் முன் பொலிஸ் நிலையத்துக்குப் போவார்கள். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் பயம் மலையளவு இருக்கும், பதிவு கடுகளவு இருக்கும்.

கூடுவது எப்போதும் கெட்டதா?

அயலில் உள்ள கேரளத்தைப் பாருங்கள். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணங்களில் கேரளத்தின் மொத்தக் குற்ற வீதம் பல ஆண்டுகளாக மிக உயர்ந்த இடங்களில் இருந்துவந்துள்ளது. அதனால் அதுதான் மிக மோசமான மாநிலம் என்று எவரும் சொல்வதில்லை. அங்கே படித்த மக்கள் முறையிடுகிறார்கள், பொலிஸார் பதிகிறார்கள் என்பது முக்கிய காரணம். தமிழ்நாட்டில் 1992 இல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டதும் பெண்கள் தயக்கமின்றி முறையிட வேண்டும் என்பதற்காகவே. இத்தகைய நிலையங்கள் வந்த இந்திய நகரங்களில் பெண்களுக்கெதிரான குற்றங்களின் பதிவு கூடியதை ஆய்வுகள் காட்டின.

எனவே கிண்ணியாவில் நாளை பெண்களின் முறைப்பாடுகள் கூடினால், “ஊர் கெட்டுப்போச்சு” என்று பதற வேண்டியதில்லை. அடைபட்ட வாய்கள் திறக்கத் தொடங்கியதாகவும் அது இருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

• பொலிஸில் நீங்கள் வாய்மொழியாகச் சொல்வதை எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக்காட்ட வேண்டும். 1979 இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அவ்வாறு கூறுகிறது. வாசித்துக்காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள். பதிவு இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் முறையிடுவது உங்கள் உரிமை.

• 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். அதை மீறினால் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். விவாகரத்துக் கேட்காமலே இந்தப் பாதுகாப்பைப் பெறலாம்.

• அவசரத்துக்கு பொலிஸ் 119, பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர்களுக்கு 1929.

• மாதர் சங்கங்கள் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். கிண்ணியா, மூதூர், திருகோணமலை நிலையங்களில் கடந்த ஐந்து வருடங்களில் பெண்கள் செய்த முறைப்பாடுகள் எத்தனை, அவற்றில் நீதிமன்றம் சென்றவை எத்தனை, சமாதானமாக்கி அனுப்பப்பட்டவை எத்தனை எனக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

சகோதரிகளே, அயலூரை விட நாம் நல்லவர்கள் என்று காட்டுவதற்காக எந்தப் பெண்ணும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் முறையிடத் தயங்கினால், பொலிஸ் நிலையம் வரை அவளோடு கூடப் போங்கள். துணைக்கு ஒருத்தி வருகிறாள் என்பதே பல பெண்களுக்குப் பெரும் தைரியம்.