உரித்துள்ள உதவியை முதியோர் ஏன் கேட்பதில்லை?

முதுமையில் மனிதருக்கு உணவும் மருந்தும் மட்டும் போதுவதில்லை. எழுப்பி இருத்தவும், குளிப்பாட்டவும், வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லவும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். எமது கமக்காரக் குடும்பங்களில் அந்த ஆள் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். படுக்கையில் இருக்கும் தாயைப் பார்ப்பதற்காக அவள் நாற்று நடும் கூலியை விடுகிறாள். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் நேரத்தை விடுகிறாள். பராமரிப்பு அன்பினால் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை அக்குடும்பமே தனித்துச் செலுத்துகிறது.

நீண்டகாலப் பராமரிப்புக்கென்று தனியான காப்புறுதித் திட்டம் எமது நாட்டில் இல்லை. ஆயினும் சுமையில் ஒரு சிறு பங்கைக் குறைக்கும் உதவிகள் உள்ளன. 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் வேறாகக் கொடுப்பனவுகள் உண்டு. 2025 ஏப்ரல் முதல் முதியோருக்கு 5,000 ரூபாவும், மற்ற இரு பிரிவினருக்கும் 10,000 ரூபாவும் என இவை உயர்த்தப்பட்டன. பெரிய தொகை என்று சொல்ல முடியாது. என்றாலும், வைத்தியசாலைக்குப் போய்வர முச்சக்கரவண்டிக் கூலிக்கும், பால்மாவுக்கும் கடன்படுகிற வீட்டுக்கு அது பெரிய ஆறுதல்.

இருந்தும் தகுதியுள்ளவர்கள் எல்லோரும் இதனைப் பெறுவதில்லை. விண்ணப்பித்து மறுக்கப்பட்டோர் ஒரு பகுதியினர். ஒருபோதும் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டோர் இன்னொரு பகுதியினர். இந்த இரண்டாம் பகுதியினரைப் பற்றியே இங்கு சிந்திப்போம்.

பெயரே தடையாகிறது

1939ஆம் ஆண்டின் வறியோர் கட்டளைச் சட்டத்தின் வழியாக வந்த பொதுசன மாதாந்த உதவியை எமது மக்கள் நெடுங்காலமாக எப்படி அழைத்து வந்தனர்? 'பிச்சைச் சம்பளம்' என்றே அழைத்தனர். தன் வயலில் நெல் விளைவித்து, அறுவடை நாளில் பத்துப் பேருக்குச் சோறு போட்ட ஒருவர், இப்பெயர் கொண்ட பணத்துக்காக வரிசையில் நிற்க எப்படி மனம் ஒப்புவார்? கொடுப்பனவுகளின் பெயர்கள் இப்போது மாறியுள்ளன. பழைய கூச்சம் மாறவில்லை.

இதனோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. 'பிள்ளைகள் பார்க்கவில்லைப் போலும்' என்று ஊர் பேசும் என்ற பயம் அது. பிள்ளைகளின் மானத்தைக் காப்பதற்காகப் பெற்றோர் தமது தேவையை மறைக்கின்றனர். பெற்றோர் சம்மதிக்காததால் பிள்ளைகளும் பேசாமல் இருந்துவிடுகின்றனர். ஆனால் பிள்ளைகள் இருப்பதனாலேயே இவ்வுதவி மறுக்கப்படுவதில்லை. பெற்றோரைக் கவனிக்கும் பிள்ளைகளின் கடமையைச் சொல்லும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், முதியோர் நலனில் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறது.

'எனக்கென்ன குறை?'

"எனக்கென்ன மோனை குறை? என்னிலும் இல்லாத சனத்துக்குக் குடுங்கோ." இதனை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! கண் மங்கி, கிணற்றடிக்குப் போக ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தாலும், 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் தம்மையும் குறிக்கக்கூடும் என்று அவர்கள் நினைப்பதில்லை. முதுமை என்றால் இப்படித்தான் என்று தாங்கிக்கொள்கின்றனர்.

இது கல்வியறிவு குறைந்தவர்களின் பழக்கம் என்று எவரும் எண்ண வேண்டாம். எமது உறவினர் பலர் வாழும் பிரித்தானியாவில், ஓய்வூதிய வயதை அடைந்தபின் பிறர் துணை தேவைப்படுவோருக்கென 1971 முதல் ஒரு கொடுப்பனவு வழங்கப்படுகிறது. வருமானமோ சேமிப்போ அதற்குப் பார்க்கப்படுவதில்லை. அங்கும் தகுதியுள்ள பலர் கேட்பதில்லை. சேமிப்பு இருந்தால் கிடைக்காது என்று சிலர் தவறாக நம்புகின்றனர். சிலர் நீண்ட படிவத்தைக் கண்டு பின்வாங்குகின்றனர். 'நான் இன்னும் சமாளிக்கிறேன்' என்பதே வேறு பலரின் பதில்.

கடதாசிகளும் கணக்கெடுப்பும்

இடம்பெயர்ந்தோருக்கு மேலும் ஒரு தடை உண்டு. 1990இலும் 1995இலும் 2009இலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள், பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் வழியில் இழந்தனர். சிலருக்குப் பிறப்பே பதியப்படவில்லை. சிலரது பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் உள்ளது. பதிவு ஓர் ஊரிலும் வாழ்வது இன்னோர் ஊரிலும் என இருப்போர் இரண்டு கிராம அலுவலர்களுக்கு இடையே அலைகின்றனர்.

2023இல் கொடுப்பனவுகள் தொடங்கிய அஸ்வெசுமத் திட்டத்தில், கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள் கொண்டு குடும்பம் அளக்கப்படுகிறது. எல்லாக் காலத்திலும் விண்ணப்பங்கள் ஏற்கப்படுவதுமில்லை. முதற் கட்டமாக 2022இலும் அடுத்ததாக 2024இலும் அவை கோரப்பட்டன. அறிவித்தலை வாசிக்க முடியாதவர், பிரதேச செயலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியவர், கணக்கெடுக்க வந்தவரிடம் 'எல்லாம் நல்லாயிருக்குது' என்று மரியாதைக்குச் சொல்லிவிடுபவர் ஆகியோரே முதலில் விடுபட்டுப் போகின்றனர்.

இங்குதான் விடயத்தின் வேர் இருக்கிறது. கேட்டால் மட்டும் தரப்படும் உதவி, கேட்கும் பலம் உள்ளவரையே முதலில் அடைகிறது. நடக்க முடியாதவரும், எழுத முடியாதவரும், கூச்சப்படுபவரும் கடைசியில் நிற்கின்றனர். அதிக தேவை உள்ளவர்களும் அவர்களே.

நாம் செய்யக்கூடியவை

முதியவர் தாமாகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் சேர்ந்து, கிராமத்தில் 60 வயதைக் கடந்தோரின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம். அவர்களுள் 70 வயதானோர் யார், படுக்கையில் இருப்போர் யார், சிறுநீரக நோயாளர் யார், எந்த உதவியும் பெறாதோர் யார் என்று அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் காலம் வருமுன்பே கடதாசிகளைச் சீர்செய்யுங்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழி உண்டு. 60 வயதில் முதியோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இவை பற்றிப் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமோ முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ கேளுங்கள்.

படிவத்தை முதியவரின் வீட்டுக்கே கொண்டுபோய், அவர் சொல்லச் சொல்ல நிரப்புங்கள். 'சுகமாக இருக்கிறீர்களா?' என்று கேட்டால் 'ஓம்' என்ற பதிலே வரும். 'கிணற்றடிக்கு யார் கூட்டிப் போவது? இரவில் எத்தனை தடவை ஆள் எழும்ப வேண்டும்?' என்று கேளுங்கள். அப்போது உண்மை நிலை தெரியவரும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யவும், வங்கிக்குப் போக முடியாதவருக்கு என்ன ஒழுங்கு உண்டென்று அறியவும் உடன் செல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, 'பிச்சைச் சம்பளம்' என்ற சொல்லை எமது வாயிலிருந்து எடுத்துவிடுவோம். உப்புக்கும் சீனிக்கும் வரி கட்டி, இந்த நாட்டுக்கு ஆயுள் முழுவதும் சோறு விளைவித்தவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சேரவேண்டியதே அவர்களிடம் சேர்கிறது.