உழவு இயந்திரத்தின் பற்றரியை மாற்றவேண்டிய காலம்

காலபோகத்தின் முதல்மழை பெய்து நிலம் பதமாகியிருக்கும் காலையில் உழவு இயந்திரம் கிளம்ப மறுத்தால், கமக்காரர் இழப்பது ஒரு காலைப்பொழுதை மட்டுமன்று. பதந் தப்பினால் அடுத்த மழைவரை காத்திருக்க நேரும்; விதைப்புப் பிந்தும்; வாடகைக்கு உழுவதாக ஒப்புக்கொண்ட அயல் வயல்களும் தரிசாய்க் கிடக்கும். இத்தகைய தடங்கலுக்கு முதுமையடைந்த பற்றரி அடிக்கடி காரணமாகின்றது. மறுபுறத்தில், மின்னேற்றம் குறைந்த நல்ல பற்றரியைப் பழுதானதென எண்ணி, புதியதொன்றைப் பெரும்பணங் கொடுத்து வாங்குவோரும் உளர். வெறுமையான பற்றரி வேறு. ஆயுள் முடிந்த பற்றரி வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் இரு நட்டங்களையும் தவிர்க்கலாம்.

பற்றரி முதுமையடையும் விதம்

நான்கு சில்லு உழவு இயந்திரங்களிற் பொதுவாக உள்ளது 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரியாகும். இதன் அடிப்படை அமைப்பை 1859ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்ரன் பிளான்ரே உருவாக்கினார். இதனுள் ஆறு கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ற்றுத் தரும். ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்திருக்கும்.

பற்றரி மின்னைக் கொடுக்கும்போது தகடுகளின் மேல் ஈயச் சல்பேற்று படிகின்றது. மின்னேற்றும்போது அது கரைந்து விடுகின்றது. ஆனால் இயந்திரத்தைப் பல வாரங்கள் ஓட்டாது கொட்டகையில் நிறுத்திவைத்தால், பற்றரி தானாகவே வெறுமையாகி, அப்படிவு கடினமடையும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் அது முற்றாகக் கரையாது. இரு போகங்களுக்கும் இடையிலுள்ள ஓய்வுக்காலமே பற்றரிக்குக் கேடு விளைவிக்குங் காலம் என்பதைப் பலர் உணர்வதில்லை. உலர்வலயத்தின் வெப்பமும், வரம்பேறி இறங்கும் இயந்திரத்தின் அதிர்வும் தகடுகளை மேலும் அழிக்கின்றன.

பொதுவாக ஒரு பற்றரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை உழைக்கும். எனினும் வயதை மட்டும் கொண்டு அதனை எறிந்துவிடுதல் கூடாது. மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் ஒவ்வொரு போகத்துக்கும் மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்னர் அதனைச் சோதித்தல் வேண்டும்.

முதலிற் பார்க்க வேண்டியவை

எஞ்சின் மெதுவாகச் சுழலுதல், முன்விளக்கு மங்குதல் ஆகியவை எச்சரிக்கைகளாகும். ஆயினும் இவை பற்றரியின் குற்றமாகவே இருக்குமெனக் கொள்ளலாகாது. முனைகளிற் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவும், தளர்ந்த கம்பியும் இதே குறிகளைக் காட்டும். கம்பிகளைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால் முனைகளைக் கழுவி, உலர்த்தி, இறுக்கிப் பூட்டுக. அந்நீர் கலங்களுட் செல்லலாகாது.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது முனைகளுக்கிடையே வோல்ற்றுமானியை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். இதனிலும் மிகக் குறைந்தால் மின்பிறப்பாக்கியையும் அதன் பட்டியையும் சோதித்தல் வேண்டும். அக்குறையைத் திருத்தாது புதிய பற்றரி பூட்டினால் அதுவும் சில நாளில் வெறுமையாகும்.

பெட்டி வீங்கியிருப்பினும், வெடித்து அமிலம் கசியினும் வேறு சோதனை வேண்டியதில்லை. அப்பற்றரியை உடனே மாற்றுக.

மூன்று சோதனைகள்

1. ஓய்வுநிலைச் சோதனை: பற்றரிக்கு முழுமையாக மின்னேற்றி, ஓர் இரவு ஓய்வாக விட்டு, காலையில் அளக்கவும். 12.6 வோல்ற்று அல்லது அதற்கு மேற் காட்டினால் நன்று. 12.2 என்பது ஏறத்தாழ அரைப்பங்கு மின்னேற்றத்தைக் குறிக்கும். முழு மின்னேற்றத்தின் பின்னும் மறுநாள் 12.4க்குக் கீழ் இறங்கும் பற்றரி மின்னைத் தாங்கும் வலுவை இழந்து வருகின்றது. 10.5 அளவிற் காட்டினால் ஒரு கலம் செத்துவிட்டதெனக் கொள்ளலாம்.

2. நீர்மானிச் சோதனை: மூடி திறக்கக்கூடிய பற்றரிகளில் ஒவ்வொரு கலத்தின் அமிலத்தையும் நீர்மானியால் அளக்கலாம். முழு மின்னேற்றத்தில் அது 1.250 முதல் 1.280 வரை காட்டும். இங்கே முக்கியமானது கலங்களுக்கிடையிலுள்ள வேறுபாடாகும். உதாரணமாக, ஆறு கலங்களும் 1.180 எனச் சமமாகக் காட்டினால் பற்றரி வெறுமையாயிருக்கின்றதேயன்றிப் பழுதடையவில்லை. மின்னேற்றினால் மீண்டும் உழைக்கக்கூடும். ஐந்து கலங்கள் 1.250 காட்ட, ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அக்கலம் கெட்டது. மின்னேற்றிய பின்னும் 0.050க்கு மேற்பட்ட வேறுபாடு நிலைக்குமாயின் பற்றரியை மாற்றுதலே தகும்.

3. கிளப்பற் சோதனை: முழு மின்னேற்றமுள்ள பற்றரியைப் பூட்டி, எஞ்சினைக் கிளப்பும் வேளையில் வோல்ற்றுமானியைப் பார்க்க. 9.6க்குக் கீழ் விழுமாயின் அது டீசல் எஞ்சினைச் சுழற்றும் வலுவை இழந்துவிட்டது எனக் கொள்ளலாம். பிற்பகலிற் சூடான எஞ்சினை அது கிளப்பக்கூடும், விடியற்காலையிற் கைவிடும். ஆகவே இச்சோதனையைக் குளிர்ந்த எஞ்சினிற் காலையிலேயே செய்க.

மூடி திறக்க முடியாத பற்றரிகளுக்கு முதலாவது, மூன்றாவது சோதனைகளே போதும். வோல்ற்றுமானி இல்லாதோர் பற்றரி மின்னேற்றும் கடைகளிற் சோதிப்பித்துக் கொள்ளலாம்.

செய்யத்தகாதவை

கலத்தில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் தகடுகள் மூடும் அளவுக்கு விடவேண்டும். கிணற்று நீர் ஆகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்து நீரிற் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். முதிர்ந்த பற்றரிக்கு அமிலம் சேர்த்தால் வலுக்கூடும் என்பது தவறான எண்ணம். அது நீர்மானியைப் பொய் சொல்லச் செய்வதோடு தகடுகளையும் அரிக்கும்.

மின்னேற்றும் இடத்தில் சுருட்டுப் புகைத்தலும் விளக்கேற்றலும் ஆகா. அப்போது வெளியேறும் ஐதரசன் வாயு வெடிக்குந் தன்மையது. அமிலம் கண்ணிற் பட்டால் கால்மணி நேரம் நீரால் தொடர்ந்து கழுவி, உடனே வைத்தியரை நாடுக.

புதியது வாங்கும்போது

இயந்திரக் கைந்நூல் குறிக்கும் அம்பியர்மணி அளவையும் முனைகள் அமைந்த பக்கத்தையும் ஒத்ததையே தெரிக. பற்றரியிற் பொறித்துள்ள உற்பத்தித் திகதியைக் கேட்டறிக. கடையில் நெடுநாள் கிடந்தது அங்கேயே முதுமையடைந்திருக்கும். கழற்றும்போது இயந்திர உடலோடு இணைந்த முனையை முதலிற் கழற்றி, பூட்டும்போது இறுதியாகப் பூட்டுக. அவ்வாறு செய்தால் திருகுசாவி உடலில் முட்டினும் தீப்பொறி எழாது. பூட்டிய திகதியைப் பெட்டியின் மேல் எழுதிவைக்க.

பழைய பற்றரியின் அமிலத்தை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது. ஈயம் நஞ்சாகும், குழந்தைகளுக்கு மிகக் கேடானது. பற்றரியை உடைக்காது முழுமையாக விற்பனையாளரிடம் ஒப்படைத்தால், அதன் ஈயத்துக்குரிய விலையும் பொதுவாகக் கிடைக்கும்.

அறுவடை முடிந்து இயந்திரத்தைக் கொட்டகையில் விடும்போது பற்றரியின் ஒரு முனையைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை அளந்து, 12.4க்குக் குறைந்தவுடன் மின்னேற்றி வருக. ஓய்வுக்காலத்தில் இவ்வாறு பேணப்பட்ட பற்றரி, மழை பெய்து நிலம் பதமாகும் காலையிற் கமக்காரரைக் கைவிடாது.