படமாக ஒட்டிய அறிவிப்பு யாருக்கு எட்டும்?

குற்றால அருவிகளில் தண்ணீர் பெருக்கெடுத்தால் 'குளிக்கத் தடை' என்ற அறிவிப்பு வரும். இணையதளத்தில் அதை எழுத்தாகப் போட்டால், பார்வையற்றவரின் போனில் இருக்கும் திரைவாசிப்பான் செயலி அப்படியே வாசித்துச் சொல்லும். படமாக ஒட்டினால், பெரும்பாலும் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அருவிக்கரை எச்சரிக்கை ஒருவர் விடாமல் எல்லோரையும் எட்ட வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையா?

இந்தக் குறையைத் தீர்க்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். படத்துக்கு விளக்கமாக ஒரு வரி, விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர், பக்கம் தமிழில் இருக்கிறது என்று நிரலில் ஒரு குறிப்பு போதும். அந்தக் குறிப்பு இல்லாத பக்கத்தை ஆங்கிலக் குரல் வாசிக்கப் புகுந்து தமிழைக் குதறிவிடக்கூடும். வழக்கமான அளவிலுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது இணையதள அணுகலுக்கான சர்வதேச நெறிமுறை. வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்கும் கண் மங்கிய முதியவருக்கும் அதுவே உதவி. இதைச் செய்யக்கூடியவர்கள் குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே உருவாகிறார்கள்: தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு மென்பொருள் கற்றுத்தரும் அதன் பள்ளியும் தென்காசியில் உண்டு. நிரல் எழுதக் கற்கும் ஊர் இது என்பதால்தான் எல்லோருக்கும் எட்டும்படி தளத்தை எழுதும் பழக்கம் இங்கே முதல் பாடத்திலேயே வர வேண்டும் என்கிறேன்.

'சிலருக்காக இவ்வளவு செலவா?' என்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். செலவும் தள்ளிப்போடுவதால்தான் ஏறுகிறது: கட்டி முடித்த வீட்டின் சுவரை இடித்து வாசலை அகலப்படுத்துவதைப் போல. இது சலுகையும் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. இணையச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

'தளத்தின் அணுகலைச் சோதிக்கும் கருவி சரி என்று காட்டுகிறதே' என்பது இன்னொரு வாதம். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த விளக்கத்தில் பொருள் இருக்கிறதா என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு மனிதக் காது வேண்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம்; தமிழும் வாசிக்கும். அதைக் கணினியில் இயக்கி, திரையை அணைத்து, மவுஸை ஒதுக்கிவிட்டு, குற்றாலத்தில் ஓர் அறையை முன்பதிவு செய்து பணம் கட்டும் வரை போய்ப் பார்க்கட்டும், அந்த முன்பதிவுத் தளத்தை எழுதியவர்.