முதுகெலும்புக் காசநோயும் அறுவை மருத்துவமும்

மதுரையைச் சூழ்ந்த வயல்களில் நாற்று நடுவோருக்கும் களத்தில் மூட்டை சுமப்போருக்கும் இடுப்புவலி புதிதன்று. தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, மறுநாளே வேலைக்குச் செல்வர். ஆயினும், ஓய்வெடுத்தும் தணியாத வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் வாரக்கணக்கில் நீடித்தால், அதனை உழைப்பின் களைப்பு என ஒதுக்கலாகாது. அது முதுகெலும்பைத் தாக்கிய காசநோயாகவும் இருக்கலாம்.

நோயின் போக்கு

காசநோய் நுரையீரலை மட்டுமே பற்றும் என்பது பலரது எண்ணம். அந்நோய்க் கிருமிகள் குருதியின் வழியே முள்ளெலும்புகளையும் அடைகின்றன. எலும்பு அரிக்கப்படுகிறது, எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டும் சிதைகிறது. அங்குத் தேங்கும் சீழ், இடுப்பின் உட்தசை வழியே தொடையின் மேற்பகுதி வரை இறங்குவதுண்டு. நோய் முற்றினால் முதுகு கூனும். நரம்புகள் நெருக்கப்பட்டுக் கால்கள் செயலிழக்கும். ஆங்கிலேய மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் இந்நிலையை விளக்கி எழுதினார். நோய்க்குக் காரணமான கிருமியை இராபர்ட் காக் 1882இல் கண்டறிந்தார்.

அறுவையா, மருந்தா?

நோயுற்ற எலும்பை உடலின் முன்புறமாகச் சென்று அகற்றி, அவ்விடத்தில் நோயாளியின் எலும்புத் துண்டையே ஒட்டாகப் பொருத்தும் முறையை ஹாங்காங் மருத்துவர்கள் 1950களில் வளர்த்தெடுத்தனர். இவ்வறுவை அனைவருக்கும் தேவையா என்னும் வினாவிற்கு விடை தந்தது சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு. ஒரு பிரிவினர் அறுவையுடன் 6 மாதம் மருந்து பெற்றனர். மற்ற இரு பிரிவினர் அறுவையின்றி, நடமாடிக்கொண்டே 6 அல்லது 9 மாதம் மருந்து உட்கொண்டனர். 10 ஆண்டுகளுக்குப் பின்னரும் மூன்று பிரிவுகளிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ நலமாக இருந்தனர். கால் செயலிழந்து நடக்க இயலாதோர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை என்பதும் கருதத்தக்கது.

அறுவை வேண்டும் நிலை

நரம்புகள் நெருக்கப்படும்போதும், சீழ் மிகுந்து தேங்கும்போதும், முதுகெலும்பு உறுதி குலையும்போதும் அறுவை இன்றியமையாததாகிறது. மருத்துவர் சீழையும் சிதைந்த எலும்பையும் நீக்கி, திருகாணிகளாலும் உலோகத் தண்டுகளாலும் முதுகெலும்பை நிலைநிறுத்துவார். அறுவைக்குப் பின்னும் மருந்து தொடர வேண்டும். இடையில் நிறுத்தினால் கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறக்கூடும்.

காசநோய்க்கான மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் விலையின்றி வழங்கப்படுகின்றன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை நாடிச் செல்ல ஒருநாள் கூலியை இழக்க நேரிடலாம். அவ்வொரு நாளுக்குத் தயங்கிக் காலம் தாழ்த்தினால், உழைத்து வாழும் வாழ்வையே இழக்க நேரிடும்.