சாம்பல் சேவலின் சந்ததி

சாத்தனூர் அணையைக் கடந்து கிழக்கே இறங்கிவரும் தென்பெண்ணையின் கரையில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையையும் அதைச் சூழ்ந்த கரும்புக் கொல்லைகளையுமே அடையாளமாகக் கொண்ட மூங்கில்துறைப்பட்டில், ஏதேனும் ஒரு வீட்டு வாசலில் சற்று நேரம் நின்று பார்ப்பவர், ஒரே பெட்டை அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் ஒன்று கரியதும் ஒன்று செவலையுமாக, ஒன்று தாயையும் ஒன்று தந்தையையும் மற்றொன்று இருவரையும் விட்டு எவரையோ ஒத்திருப்பதுமாக மேய்வதைக் காண்பார். சேவற்கட்டில் பழகியவர்கள் இந்த வர்ண பேதங்களுக்குக் காகம், கீரி, வல்லூறு, மயில் என்று பெயர் சூட்டி, எந்த நாளில் எந்த நிறம் வெல்லும் என்பதற்குப் பஞ்சபட்சி சாஸ்திரத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். வெற்றியைப் பற்றிய அந்தச் சாஸ்திரம் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்தக் கண்களின் கூர்மையை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியும் நிறம் ஒன்று, கோழி தன் உடலுக்குள் சுமக்கும் நிறம் வேறொன்று என்பதே இங்கே அறிய வேண்டிய விஷயம். மெண்டல் 1866-இல் பட்டாணிச் செடியைக் கொண்டு வெளியிட்டு, உலகம் மறந்து, 1900-இல் மீண்டும் கண்டெடுத்த மரபு விதிகள் பிராணிகளுக்கும் பொருந்தும் என்று 1902-இல் வில்லியம் பேட்சன் காட்டியபோது, அவர் சாட்சியாக நிறுத்தியது கோழியைத்தான்.

சாம்பல் நிறத்தை எடுத்துக்கொள்வோம். மேனி முழுதும் கறுத்த வம்சத்தில், கறுப்பை மங்கச் செய்யும் ஒரு மரபணு தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குஞ்சு சாம்பலாகிறது. இருவரிடமிருந்தும் வந்தால், கருநீலத் துளிகள் தெறித்த அழுக்கு வெள்ளையாகிவிடுகிறது. ஆகவே, அழகான சாம்பல் சேவலையும் அழகான சாம்பல் பெட்டையையும் சேர்த்துவிட்டு, சந்ததி முழுதும் சாம்பலாகவே பிறக்கும் என்று காத்திருப்பவர், இருபது குஞ்சுகளுக்கு ஏறக்குறைய ஐந்து கறுப்பும் ஐந்து அழுக்கு வெள்ளையுமாகக் கண்டு, பக்கத்து வீட்டுச் சேவலின் மேல் பழி போடுவார். அந்தச் சேவல் நிரபராதியாக இருக்கக்கூடும். விந்தை என்னவென்றால், எவரும் விரும்பாத அந்த அழுக்கு வெள்ளையைத் தூய கறுப்போடு சேர்த்தால்தான் குஞ்சுகள் அத்தனையும் சாம்பலாகப் பொரிக்கின்றன.

நிரபராதியாக இருக்கக்கூடும் என்றுதான் சொன்னேன். எப்போதும் அப்படியென்று சொல்லவில்லை. சேவலின் வித்தைப் பெட்டை தன் உடலில் இரண்டு மூன்று வாரங்கள் வரை உயிரோடு வைத்திருக்கும். புதிய சேவலை விட்ட மறுநாளே முட்டைகளைச் சேர்த்து அடைவைத்தால், இருபத்தொரு நாளில் வெளிவருவது பழைய சேவலின் குடும்பமாகவும் இருக்கலாம். ஆதலால் நிறத்துக்காக வளர்ப்பவர், பெட்டைகளைத் தாம் தேர்ந்த சேவலோடு மட்டும் தனியே அடைத்து, மூன்று வாரத்து முட்டைகளைச் சமையலுக்கு அனுப்பிவிட்டு, அதன் பின்னரே அடைக்கு எடுக்க வேண்டும். குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட்டுவிடுவது நலம். அந்த நோய் நிறம் பார்த்து வருவதில்லை.

மஞ்சள் காலின் கதை சாம்பலின் கதையைவிடச் சுவாரசியமானது. உலகத்துக் கோழிகள் யாவும் செந்நிறக் காட்டுக்கோழி ஒன்றிலிருந்தே தோன்றின என்பது டார்வினின் முடிவு. ஆனால் 2008-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், தோலையும் காலையும் மஞ்சளாக்கும் மரபணு செந்நிறக் கோழியினுடையது அன்று, நம் தென்னாட்டுச் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டினார்கள். அந்தக் காட்டுக்கோழிதான் கல்வராயன் முதலிய மலைகளின் புதர்களுக்குள்ளிருந்து விடியலில் கரகரத்த குரலில் கூவுவது. புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு யாத்திரிகர் சொன்னராவின் பெயரை 1813 முதல் தன் விஞ்ஞான நாமத்தில் தாங்கி நிற்பதும் அதுவே. தாய் தந்தை இருவரும் தந்தாலன்றி இம்மஞ்சள் வெளிப்படாது. எனவே வெளுத்த கால் படைத்த இரண்டு கோழிகளுக்கு மஞ்சள் காலுடைய குஞ்சு பிறந்தால் அது அதிசயமன்று, இரண்டும் அதை மறைவாகச் சுமந்திருந்தன என்பதே பொருள். மஞ்சளின் சாயம் தீனியிலிருந்து வருவது; மக்காச்சோளமும் கீரையும் கிடைக்காத கோழிக்கு அந்த மரபணு இருந்தும் கால் வெளிறியே காணும்.

கடல் கடந்த நாடுகளில் இந்தக் கணக்கையே ஒரு கலையாக்கியிருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் நீல முட்டையிடும் கோழிகள் உண்டு. அவற்றின் வழிவந்த அரௌக்கானா இனத்தில், காதருகே நீண்ட இறகுக் கொத்தை முளைப்பிக்கும் மரபணு, இருபுறத்திலிருந்தும் வந்துவிட்டால் குஞ்சை முட்டைக்குள்ளேயே கொன்றுவிடுகிறது. அமெரிக்காவில் சிலர் அந்தக் கொத்தை விலக்கி, வாலையும் தாடியையும் நீல முட்டையையும் மட்டும் நிலைநிறுத்தி அமெரௌக்கானா என்னும் இனத்தை உருவாக்கினர். 1984-இல் அதன் எட்டு நிறங்கள் அங்கே அங்கீகாரம் பெற்றன. அவற்றுள் நம் சாம்பலும் ஒன்று. கறுப்பு, சாம்பல், அழுக்கு வெள்ளை என்ற அதே பங்கீட்டை அவர்களும் பொறுமையோடு சகித்துக்கொள்கிறார்கள். பின்னாளில் வந்த லாவெண்டர் என்னும் வெளிர்சாம்பல் பார்வைக்குச் சாம்பலின் தங்கைபோல் இருந்தாலும், இரு லாவெண்டர்களுக்கு லாவெண்டரே பிறக்கும். கண் கண்டது முழு உண்மையன்று என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த முட்டையின் நீலம், என்றோ ஒரு வைரஸ் கோழியின் மரபில் செருகிவிட்டுப் போன துண்டினால் வந்தது என்பது 2013-இல் தெரியவந்தது. பழுப்பு நிறம் ஓட்டின் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் படிவது. பிலிவெர்டின் என்னும் நிறமியால் விளையும் நீலமோ ஓட்டின் உட்புறம் வரை ஊடுருவியிருக்கும். பண்ணை வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து நாட்டுக்கோழி முட்டையென்று விற்கும் வியாபாரிகள் நம் சந்தைகளில் உண்டு. நீல முட்டை இங்கே பரவுமானால், உடைத்து உட்புறத்தைக் காட்டச் சொல்பவரிடம் அவர்களுடைய சாயம் எதுவும் செல்லாது.